சொலூசன் ஒட்டா, ஸ்டிக்கர் ஒட்டா? வன்னி வெயிலில் ஒரு சைக்கிள் ரியூப்

2022இல் பெற்றோலுக்கு வரிசை நீண்டபோது தாழ்வாரத்து மூலையிலிருந்து எடுத்துத் துடைத்த பழைய லுமாலாதான் இன்று என் மகளின் பள்ளிக்கூடச் சைக்கிள். ஒரு வழிக்கு நான்கு கிலோமீற்றர். பாதி கிரவல் வீதி, பாதி குளக்கட்டு. மாரி முடிந்து நெருஞ்சிக்காய் முற்றிவிட்டால் மாதத்துக்கு இரண்டு பஞ்சராவது நிச்சயம். நடுவழியில் கடை இல்லை. அவளுடைய புத்தகப் பைக்குள் எந்த ஒட்டைப் போட்டு அனுப்புவது என்று தீர்மானிக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

புதிய ரியூப் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வால்வின் அடி கிழிந்தாலோ, ரியூப் நீளவாக்கில் பிளந்தாலோ வேறு வழி கிடையாது. மற்ற நேரங்களில் அது வீண் செலவு. அதோடு, பின் சில்லு என்றால் ஸ்டாண்ட், கரியர், மட்கார்ட் கம்பி எல்லாவற்றையும் பிடித்திருக்கும் அச்சு நட்டைக் கழற்றி, செயின் கவரோடும் மல்லுக்கட்ட வேண்டும். ஒட்டுப் போடுவதென்றால் ரயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, ஓட்டை உள்ள இடத்தை வெளியே இழுத்தால் போதும். சில்லு இருந்த இடத்திலேயே இருக்கும்.

சந்திகளில் உள்ள வல்கனைசிங் கடைகளில் போடும் சூட்டு ஒட்டு மோட்டார் சைக்கிள் ரியூபுக்கு மிக நல்லது. சைக்கிளுக்கு நான் இரண்டு தடவைதான் போட்டுப் பார்த்தேன். ஒன்று இன்னமும் நிற்கிறது. மற்றதில் மெல்லிய ரியூப் சூட்டில் விறைத்து, ஒட்டின் ஓரத்திலேயே வெடித்தது. இரண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எப்படியும் பையில் கொண்டுபோகக்கூடிய வைத்தியம் அல்ல அது.

ஆகவே உண்மையான போட்டி ஸ்டிக்கர் ஒட்டுக்கும், குழாயில் வரும் இறப்பர்ப் பசையைப் பூசி ஒட்டும் சொலூசன் ஒட்டுக்கும்தான். நான் முதலில் தேர்ந்தெடுத்தது ஸ்டிக்கரை. சிறியது, சுத்தமானது, தாளை உரித்து ஒட்டினால் வேலை முடிந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இதைவிட எளிதாக என்ன வேண்டும்? ஒரு வைகாசிக் காலையில் அப்படித்தான் ஒட்டி அனுப்பினேன். பள்ளிக்கூடத்தில் சைக்கிள் நின்ற இடத்தில் நிழல் இல்லை. பள்ளி விட்டு வந்து பார்த்தபோது சில்லு தரையில் படிந்திருந்தது. நான்கு கிலோமீற்றரும் உருட்டிக்கொண்டு வந்து, "அப்பா, நீங்கள் ஒட்டியதுதான் போய்விட்டது" என்றாள். ரியூபை இழுத்துப் பார்த்தேன். ஒட்டு கிழியவில்லை. இருந்த இடத்திலிருந்து நகர்ந்திருந்தது.

இந்த வெயில்தான் என் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஸ்டிக்கரின் பசை அழுத்தத்தால் பிடிக்கும் பசை. அது ஒருபோதும் இறுகுவதில்லை. மதிய வெயிலில் நின்ற கறுத்த ரயரில் கை வைத்துப் பாருங்கள். அந்தச் சூட்டில் பசை இளகுகிறது, உள்ளிருந்து காற்று தள்ளுகிறது, ஒட்டு மெல்ல மெல்ல வழுகுகிறது. குளிர்ந்த ஊர்களில் இதே ஸ்டிக்கர் மாதக்கணக்கில் நிற்கக்கூடும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் வீதியோரத்து வெயிலுக்கு அது செய்யப்பட்டதல்ல.

சொலூசனின் சேதி வேறு. 1839இல் சார்ள்ஸ் குட்இயர் இறப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி, வெயிலில் இளகாத இறப்பராக மாற்றும் வழியைக் கண்டார். அந்தப் பிணைப்பைத்தான் நல்ல சொலூசனும் அதற்கென்றே செய்த ஒட்டும் அடுப்பில்லாமல் செய்கின்றன. சொலூசனில் உள்ள மருந்தும் ஒட்டின் அடிப்பக்கத்து இறப்பரும் சேர்ந்து ரியூபோடு பிணைகின்றன. சரியாகப் போட்ட ஒட்டை ஒரு வாரம் கழித்து உரிக்கப் பார்த்தால் ரியூப்தான் கிழியும். பழைய ரியூபை வெட்டி ஒட்டாக வைத்தால் இவ்வளவு பிணைப்பு வராது. ஆனாலும் போரால் மூடிக் கிடந்த ஏ9 வீதி 2002இல் திறந்து சாமான்கள் வரும்வரை எங்கள் வீட்டில் அப்பா போட்டது அந்த ஒட்டைத்தான். இரண்டு பக்கமும் சுரண்டி, இரண்டு பக்கமும் பூசி, பொறுமையாகக் காயவிடுவார்.

அந்தக் காயவிடுதலில்தான் அநேகர் தவறுகிறார்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் நல்லாய்ப் பிடிக்கும் என்று நினைக்கிறார்கள். நேர் எதிர். ஓட்டையைச் சுற்றி, ஒட்டைவிட அகலமாக, அரத்தாளால் மினுக்கம் போகும்வரை சுரண்ட வேண்டும். ரியூபின் நடுவே ஓடும் வரம்பு அந்த இடத்தில் வந்தால் அதையும் மட்டமாக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் ஓரமாகக் காற்று கசியும். மெல்லிதாகப் பூசி, விரலின் பின்பக்கத்தால் தொட்டால் ஒட்டாத நிலை வரும்வரை விடுங்கள். வெயில் காலத்தில் ஐந்து நிமிடம், மாரியில் பத்துக்கு மேல். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி, வெண்கட்டித் தூள் தடவுங்கள்.

ரயரின் உட்புறத்தைத் துணியால் தடவி முள்ளைத் தேடி எடுப்பதை எந்த ஒட்டும் உங்களுக்காகச் செய்யாது. ரியூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் தூரமோ, ரயரிலும் அதே தூரத்தில் பாருங்கள். ஓட்டையே அகப்படாவிட்டால் முதலில் வால்வுக்குள் இருக்கும் வால்கட்டையைக் கழற்றி, அதன்மேல் மாட்டியிருக்கும் சிறிய இறப்பர்க் குழாயான வால் ரியூப் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

சொலூசனிலும் ஒரு குறை உண்டு, அதை மறைக்க மாட்டேன். மூடியை ஒருமுறை திறந்துவிட்டால் உள்ளே உள்ளது மெல்லக் காய்கிறது. சில மாதம் கழித்துத் தேவைப்படும் நாளில் அமுக்கினால் ஒன்றும் வராது. ஸ்டிக்கர் பையிலேயே கிடந்தாலும் அப்படிக் காய்ந்து போவதில்லை. இந்த ஒரு விடயத்தில் அது வெல்கிறது.

இப்போது மகளின் பையில் சிறிய சொலூசன் குழாய், நான்கு ஒட்டு, அரத்தாள் துண்டு, இரண்டு லீவர், ஒரு வால் ரியூப் இருக்கின்றன. பம் சைக்கிளிலேயே கட்டியிருக்கிறது. முதல் தடவை முற்றத்தில் என் முன்னால் ஒட்டினாள், இரண்டாவது தடவை குளக்கட்டில் தனியாக. ஸ்டிக்கரும் இரண்டு வைத்திருக்கிறாள், மழையில் வீடு வந்து சேர்வதற்கு மட்டும். அப்படி ஒட்டி வந்தால் அன்று இரவே அதை உரித்து, பசை துளியும் மிஞ்சாமல் சுரண்டிவிட்டுச் சொலூசன் போடுகிறோம். அந்தப் பசையின் மேல் சொலூசன் பிடிக்காது. மாதத்தின் முதல் ஞாயிறு சொலூசன் குழாயை அமுக்கிப் பார்ப்பது என் வேலை.