லயன் காம்பராவில் பாட்டு: உறிஞ்சியா, சிதறடிப்பானா?

ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்ட லயனில், அதாவது வரிசை வீட்டில், எங்கள் காம்பரா (அறை) 10க்கு 12 அடி. மேலே தகரம், சுற்றிலும் சீமெந்துச் சுவர். கை தட்டினால் ‘டிங்’ என்று எதிரொலி ஒரு வாலாக நீளும். பாட்டுக் கேட்க அதை அடக்க வேண்டும், சுவரில் எதை மாட்டுவது என்பதுதான் கேள்வி.

உறிஞ்சி என்றால் ராக்வூல், தடித்த கம்பளி மாதிரி. ஒலியை நார்களுக்குள் உரசவிட்டு வெப்பமாக்கிவிடும். சிதறடிப்பான் விழுங்காது, ஆழம் மாறி மாறி வரும் மரக்கட்டைகளால் ஒலியைப் பல திசைக்கும் பிரித்து அனுப்பும். 1970களில் மன்ஃபிரட் ஷ்ரோடர் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் எண்கோட்பாட்டை வைத்து வடிவமைத்தது. அழகான கணக்குதான். ஆனால் ஐந்தாறு அடியாவது தள்ளி உட்கார வேண்டும். எங்கள் காம்பராவில் அப்படித் தள்ளினால் முழங்கால் ஸ்பீக்கரில் இடிக்கும்.

அதனால் என் ஓட்டு உறிஞ்சிக்கே. பக்கச் சுவரில் ஒருவர் கண்ணாடியை நகர்த்தட்டும். நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து அதில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ, அங்கே 4 அங்குலத் தடிப்பில் துணி போர்த்திய ராக்வூல் சட்டத்தை மாட்டுங்கள். ஒரு அங்குல ஸ்பொஞ்ச் வேண்டாம். சலங்கை ஒலி செத்துப்போகும், தவிலின் அடி மட்டும் அப்படியே குமுறும். தவிலின் அடி மாதிரித் தாழ்ந்த 100 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே சுமார் 3.4 மீற்றர் அல்லவா? மெல்லிய ஸ்பொஞ்ச் அதைப் பிடிக்காது. மூலைகளில் இன்னும் தடிப்பாக வையுங்கள். சுவரோடு ஒட்டாமல் இடைவெளியும் விடுங்கள், நம்ம ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும்.

அப்புறம், தகரத்தில் மழை விழும்போது இரண்டும் உதவாது. பாட்டை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கலாம்.