கேள்வித்தாளா, திண்ணையா?

கைக்குழந்தைகளின் உணவுப் பழக்கம் என்று முதுநிலை ஆய்வுக்குத் தலைப்பு எடுத்தபோது இரண்டு வழிகள் இருந்தன. ‘நேற்று குழந்தைக்குச் சாப்பிட, குடிக்க என்னென்ன கொடுத்தீர்கள்?’ என்று கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போவது ஒன்று. சில வீடுகளில் மட்டும் காலை முதல் மாலை வரை திண்ணையில் உட்கார்ந்து பார்த்து எழுதிக்கொள்வது இன்னொன்று. இரண்டையும் செய்து பார்த்துத் திண்ணைப் பக்கம் சாய்ந்தவள் நான்.

கேள்வித்தாளின் வசதி ஊரறிந்தது. வீட்டுக்கு இருபது நிமிடம் போதும். அட்டவணை போட எண்கள் கிடைக்கும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பும் கேட்டுத்தான் எழுதுகிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவர்கள் 2015-16இல் 54.9 சதவீதம், 2019-21இல் 63.7 சதவீதம் என்று நாடு முழுவதற்கும் சொல்ல வேறு வழியும் இல்லை.

என்னைத் திருப்பியது உரைமருந்து. நான்கு மாதக் குழந்தையின் தாய் ஒருவர், “தாய்ப்பாலைத் தவிர ஒன்றும் கிடையாது” என்றார். குறித்துக்கொண்டேன். மறுவாரம் அதே வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, குழந்தையைக் குளிப்பாட்டிய கையோடு பாட்டி உரைகல்லை எடுத்தார். விளக்கில் சுட்ட வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு. ஒவ்வொன்றும் கல்லில் இரண்டு சுற்று. வழித்துச் சங்கில் புகட்டிவிட்டார்.

“அன்றைக்குச் சொல்லவில்லையே அக்கா?”

“சாப்பிட என்ன கொடுத்தேன் என்றுதானே கேட்டாய், தங்கச்சி? இது மருந்தாயிற்றே.”

வசம்புக்குப் ‘பேர் சொல்லா மருந்து’ என்றே ஒரு பெயர் உண்டு. என் தாளிலும் அதற்குக் கட்டம் இல்லை.

சிக்கல் அதோடு நிற்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி மருந்துச் சொட்டு, உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்தாலும் ‘தாய்ப்பால் மட்டும்’தான், தண்ணீர் கொடுத்தால் இல்லை. அப்படியானால் எதில் உரைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். அந்த வீட்டில் தாய்ப்பாலில் உரைத்தார்கள். அடுத்த தெருவில் வெந்நீரில். மருந்து ஒன்றுதான், விழும் கட்டம் வேறு. (தாய்ப்பாலில் உரைத்ததை மருந்துச் சொட்டாகக் கொள்ளலாமா என்று வழிகாட்டியோடு ஒரு மாலை முழுக்க வாதாடினேன்.) ‘அதையும் ஒரு கேள்வியாகச் சேர்த்துவிடலாமே’ என்றார் அவர். சேர்த்தேன். ஆனால் சேர்க்க வேண்டும் என்று தெரிந்ததே கல்லைப் பார்த்த பிறகுதான்.

நான் உட்கார்ந்தது பதினோரு வீடுகளில், ஒரே ஊரில். இரவில் என்ன கொடுத்தார்கள் என்று பார்க்கவில்லை. நகரத்து அடுக்குமாடியில் இந்த வழி செல்லுபடியாகுமா என்று சொல்லும் அனுபவமும் எனக்கு இல்லை. ஆள் இருக்கிறாள் என்று நடந்துகொள்வதும் உண்டு: முதல் நாள் நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்தார்கள், மூன்றாம் நாள் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுக் கடைக்குப் போனார்கள். அந்த மூன்றாம் நாள் குறிப்பைத்தான் நான் நம்புகிறேன்.

ஆறே மாதத்தில் ஆய்வேட்டை முடிக்க வேண்டியவர்கள் கேள்வித்தாளையே எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் அந்தத் தாளை அச்சுக்குக் கொடுக்குமுன் நான்கு வீடுகளிலாவது குளிப்பாட்டும் நேரத்தில் போய் உட்காருங்கள். நான் போன ஊரில் அது வெயில் ஏறிய பிறகு, பத்து மணிவாக்கில்.