அப்பாவின் பணித்தளத்துக்கு 'நினைவுப் பயணம்': அட்வான்ஸ் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்

ஜார்க்கண்டின் ராஜ்மஹால் மலைகளில், மால்டோ மொழி பேசும் பழங்குடி மக்கள் நடுவே ஊழியம் செய்து ஓய்வு பெற்ற தமிழ் மிஷனரிகள் பலருக்கு இப்போது 70 வயது தாண்டிவிட்டது. பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் வேலையில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு நடை இருக்கும்போதே ஒருமுறை அந்த மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று வீட்டில் பேச்சு எழும். பேச்சு சபை வாட்ஸ்அப் குழு வரைக்கும் போனால் போதும், ஒரு 'பிரதர்' போன் செய்துவிடுவார். "ஐயா, எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கிறோம். நீங்க ஜெபத்தோட வந்தா போதும்."

திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இந்தக் குளிர்காலத்தில் அப்படித்தான் ஏமாந்தது. மொத்தம் 8 பேர். ஏற்பாட்டாளரின் பெயரை இங்கே போடவில்லை. அடுத்த சீசனில் அவர் வேறு பெயரில் போஸ்டர் அடிப்பார், பழைய பெயரைத் தெரிந்து பயனில்லை. அவர் கொடுத்த பில்லை வரி வரியாகப் பார்த்தால்தான் அடுத்த குடும்பம் தப்பிக்கும்.

பில்லின் முதல் வரி, 'பழங்குடிப் பகுதி நுழைவு அனுமதி, தலைக்கு 1,500'. அப்படி ஒரு அனுமதியே கிடையாது. வெளியூர்க்காரர் நுழைய வாங்க வேண்டிய இன்னர் லைன் பெர்மிட் என்பது அருணாச்சலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் ஆகிய மாநிலங்களுக்குத்தான். ஜார்க்கண்டுக்கு வேண்டாம். பாகூர், சாஹிப்கஞ்ச், தும்கா மாவட்டங்கள் பழங்குடிப் பகுதிகளுக்கான அரசியலமைப்பின் 5-ஆவது அட்டவணையில் வருகின்றன என்பது உண்மை. அதனால் நிலம், உள்ளாட்சி விஷயங்களில் தனி விதிகள் உண்டு. விருந்தாளியாகப் போய் வருகிறவர் சீட்டு வாங்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. இந்த ஒரு வரியில் மட்டும் 12,000 ரூபாய் போயிற்று.

அடுத்தது 'மொழிபெயர்ப்பாளர், நாளுக்கு 2,000'. வந்தவர் கொல்கத்தாவிலிருந்து வந்த ஒரு பையன். வங்காளமும் ஹிந்தியும் தெரியும், மால்டோ ஒரு சொல் தெரியாது. மலைமேல் இருக்கும் முதியவர்களிடம் கடைசியில் மால்டோவில் பேசியது யார்? சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாதான். காசு மட்டும் பையனுக்குப் போனது.

வண்டிக் கணக்கில்தான் பெரிய தொகை மறைந்திருக்கும், கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வெளியூர் வாடகைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று கணக்கிடுவது இந்தத் தொழிலில் வழக்கம். 4 நாளைக்கு 1,000 கிலோமீட்டர். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்குப் பணம். ஓடிய தூரம் 1,000-ஐத் தாண்டினால்தான் மேற்கொண்டு கேட்கலாம். 'காரேஜ் டு காரேஜ்', அதாவது வண்டி தன் ஷெட்டிலிருந்து கிளம்பித் திரும்புகிற தூரமும், அந்த மொத்தத்துக்குள்தான் அடங்க வேண்டும். இங்கே வண்டி கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்கத்து ராம்பூர்ஹாட் வந்து திரும்பியது சுமார் 440, பாகூர் மாவட்டத்துக்குள் சுற்றியது சுமார் 300. கூட்டினால் 740. குறைந்தபட்சத்தைக்கூடத் தொடவில்லை. ஆனால் பில்லில் 1,000 கிலோமீட்டருக்கு முழுப் பணம், அதற்குமேல் காரேஜ் 440-க்குத் தனியாக இன்னொரு பணம். அது போதாது என்று 'பார்டர் டாக்ஸ்' வேறு. அகில இந்திய சுற்றுலா பெர்மிட் உள்ள வண்டிக்கு மாநிலத்துக்கு மாநிலம் தனி வரி கிடையாது. அந்த பெர்மிட் இல்லாத வண்டியை அனுப்பியிருந்தால் செலவு ஏற்பாட்டாளருடையது, பயணியின் தலையில் கட்ட முடியாது.

இவ்வளவுக்கும் அந்த வண்டி மலை ஏறவே இல்லை. 12 சீட் டெம்போ டிராவலர் பாகூர் மாவட்டத்து லிட்டிபாடா வரை சுகமாகப் போகும். அதற்குமேல் மலைக் கிராமங்களுக்குப் பிரியும் பாதைகள் பல இடங்களில் செம்மண்ணும் சரளைக் கல்லும்தான். நீளமான வண்டி வளைவில் திரும்பாது, அடிப்பாகம் தட்டும். அடிவாரத்தில் இறக்கிவிட்டு, "மேலே போக பொலேரோ, தனிக் காசு" என்றார்கள். பாகூரிலோ ஹிரண்பூரிலோ நேரடியாக 2 பொலேரோ பேசியிருந்தால் டெம்போவே தேவைப்பட்டிருக்காது. 8 பேருக்கு 2 பொலேரோ தாராளம். பேசும்போது நாள் வாடகை, டீசல் யார் போடுவது, டிரைவர் பேட்டா, இரவு தங்கல் இந்த நான்கையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஓடோமீட்டரைப் படம் எடுங்கள். நம்பர் பலகை மஞ்சளாக இருக்கட்டும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடுவது பெர்மிட் மீறல், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும்.

ஜார்க்கண்ட் என்றதும் ராஞ்சிக்கு விமான டிக்கெட் போட்டு விற்கிற பேக்கேஜும் ஓடுகிறது. மாநிலத் தலைநகர் என்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ராஞ்சியிலிருந்து பாகூருக்குச் சாலையில் ஒரு முழுப் பகல். போக ஒரு நாள், வர ஒரு நாள், இரண்டுக்கும் கிலோமீட்டர் காசு. இந்தப் பக்கத்துக்கு வாசல் கொல்கத்தாதான். ஹவுராவிலிருந்து ராம்பூர்ஹாட், நல்ஹாட்டி, பாகூர், பர்ஹர்வா என்று ரயில் பாதை நேராகப் போகிறது. பர்ஹர்வாவில் பிரிந்து தீன்பஹாட், தால்ஜாரி, சாஹிப்கஞ்ச் பக்கம் போகலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சென்னையிலிருந்து போகும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஹவுராவுக்குப் போவதில்லை, ஷாலிமாரில் நிற்கிறது. ஹவுரா மெயில்தான் ஹவுராவுக்கே போகும். 'ஹவுராவில் இறங்கி அரை மணியில் அடுத்த ரயில்' என்று போட்ட திட்டம் ஷாலிமாரில் வயதானவர்களோடும் பெட்டிகளோடும் நொறுங்கிவிடும். இடையில் குறைந்தது 4 மணி நேரம் விடுங்கள்.

டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் அடியில் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். தனிநபர் ஐடியில் எடுத்த இ-டிக்கெட்டில், இதை விற்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் 143-ஆவது பிரிவின்படி குற்றம் என்று அச்சாகியிருக்கும். அந்த வரி இருக்கிற டிக்கெட்டுக்கு 'சர்வீஸ் சார்ஜ்' கேட்டால் அவர் அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் அல்ல. ரத்து செய்யும்போது இன்னொரு வேடிக்கை. ரீஃபண்ட் புக் செய்தவர் கணக்குக்குத்தான் போகும். வண்டி கிளம்பப் பல நாள் முன்னாலேயே ரத்து செய்தால் உறுதியான மூன்றடுக்கு ஏசி டிக்கெட்டுக்குப் பிடித்தம் தலைக்கு ஒரு சிறு நிலையான தொகைதான். "பாதிப் பணம் ரயில்வேக்குப் போச்சு பிரதர்" என்று சொன்னால் பிஎன்ஆர் எண்ணைக் கேளுங்கள். இப்போது முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 4 மாதத்துக்கு முன்பே 'கன்ஃபர்ம்' என்று சொல்லி டிக்கெட் பணம் வாங்குகிறவர் கையில் அன்றைக்கு டிக்கெட் இருக்க வழியே இல்லை.

பணத்தைவிட மோசமான ஏமாற்று ஒன்று உண்டு. தப்பான ஊரைக் காட்டுவது. அப்பா எழுதிய பழைய கடிதங்களை வைத்துக்கொண்டு ஊர் தேடுகிறவர்கள் இதில் சுலபமாக விழுகிறார்கள். 1982-இல் எழுதிய கடிதத்தில் 'சந்தால் பர்கானா மாவட்டம், பீஹார்' என்று இருக்கும். சாஹிப்கஞ்ச் தனி மாவட்டமானது 1983-இல், அதிலிருந்து பாகூர் பிரிந்தது 1994-இல், ஜார்க்கண்ட் மாநிலம் வந்தது 2000 நவம்பரில். ஒரே ஊருக்குப் பல முகவரி. ஒரே பெயரில் பல கிராமங்களும் உண்டு. அப்பா வாயில் வருகிற பெயர் ஒரு மாதிரி, அரசுப் பதிவில் எழுத்து இன்னொரு மாதிரி. ஏற்பாட்டாளருக்கு சாலை ஓரத்தில் உள்ள ஊர்தான் வசதி. அங்கே ஓர் ஆலயத்தின் முன் நிறுத்திப் போட்டோ எடுத்து, சால்வை போட்டு, மதியத்துக்குள் திருப்பிவிடுகிறார். அப்பா சந்தேகமாகப் பார்த்தால், "40 வருஷம் ஆச்சு ஐயா, எல்லாம் மாறிப் போச்சு" என்கிறார்கள். முதியவரின் ஞாபகத்தின் மேலேயே பழியைப் போடுவதை மன்னிக்கவே முடியாது.

இதற்கு வேலை வீட்டிலேயே தொடங்க வேண்டும். அப்பாவிடம் ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். எந்தச் சந்தைக்கு இறங்கினீர்கள், எந்த ஸ்டேஷனில் ரயில் ஏறினீர்கள், தபால் எந்த ஊருக்கு வரும், தண்ணீர் எடுத்த ஊற்று கிராமத்துக்கு எந்தப் பக்கம், பக்கத்து மலையில் எந்த ஊர் என்று கேட்டு எழுதுங்கள். பிறகு மாவட்டம், ஒன்றியம், பஞ்சாயத்து, கிராமம் என்ற வரிசையில் மத்திய அரசின் உள்ளாட்சி டைரக்டரி இணையதளத்தில் தேடினால் ஒவ்வொரு கிராமத்துக்கும் தனிக் குறியீட்டு எண் இருக்கும். பாகூர் மாவட்டத்தில் லிட்டிபாடா, அம்ராபாடா, சாஹிப்கஞ்சில் போரியோ, தால்ஜாரி, பதானா, கொட்டாவில் சுந்தர்பஹாடி ஒன்றியங்களைப் பாருங்கள். அந்தக் குறியீட்டு எண்ணை ஏற்பாட்டாளரிடம் கொடுத்து, 'இந்தக் கிராமத்துக்கு' என்று எழுதி வாங்குங்கள். அப்பாவை மிஷனரியாக அனுப்பிய அமைப்பின் (ஜெபக்குழுவின்) அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டால் இப்போது அங்கே இருக்கும் ஊழியரின் தொடர்பு பெரும்பாலும் கிடைத்துவிடும். அவரிடம் பேசிவிட்டால் ஏற்பாட்டாளரே வேண்டியிருக்காது.

அந்த ஊழியரிடம் சந்தை நாள் என்றைக்கு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வாரச் சந்தை அன்று மலைக் கிராமமே கீழே இறங்கிவிடும். பூட்டிய வீடுகளையும் ஆடுகளையும்தான் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை போகவே வேண்டாம், செம்மண் பாதை வழுக்கும்.

'கிராம வளர்ச்சிக் காணிக்கை, கட்டாயம்' என்ற வரி பில்லின் அடியில் இருந்தது. ரசீதின் மேலே வேத வசனம், ஓரத்தில் சிலுவை, பெயர் 'மினிஸ்ட்ரீஸ்' என்று முடிகிறது. காணிக்கையைக் கணக்குக் கேட்பது நம் ஆட்களுக்குக் கூச்சம், அந்தக் கூச்சம்தான் அவர்களுடைய முதலீடு. பான் எண்ணின் 4-ஆவது எழுத்தைப் பாருங்கள். டி என்றால் டிரஸ்ட், சி என்றால் கம்பெனி, எஃப் என்றால் கூட்டு நிறுவனம், பி என்றால் தனிநபர். டிரஸ்ட் என்று சொல்லிக்கொண்டு பி வந்தால் பொய். 15 எழுத்து ஜிஎஸ்டி எண் கொடுத்தால் முதல் 2 இலக்கம் மாநிலம் (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த 10-உம் அதே பான். ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் சட்டப்படியான பெயர் வந்து நிற்கும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட பிள்ளைகள், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருந்தாலும், இந்தியாவில் சபைக்கோ அமைப்புக்கோ கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உள்ள அமைப்புக்கு, டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள அதன் எஃப்சிஆர்ஏ கணக்குக்குத்தான் போக வேண்டும். ஏற்பாட்டாளரின் யுபிஐக்கு அனுப்பினால் பணமும் போய்ச் சேராது, மாட்டிக்கொள்வது மலைமேல் இருக்கும் சபை.

அந்தச் சபையை மாட்டவைக்கும் இன்னொரு காரியம், பேக்கேஜில் சேர்த்து விற்கிற 'சுவிசேஷக் கூட்டம், ஆடை விநியோகம்'. ஜார்க்கண்டில் 2017 முதல் மதச் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. வற்புறுத்தியோ ஆசை காட்டியோ மதம் மாற்றினால் 3 வருடம் வரை சிறை, பழங்குடியினர் என்றால் 4 வருடம் வரை. சேலை கொடுத்துப் பிரசங்கம் வைத்த படத்தைப் பேஸ்புக்கில் போட்டுவிட்டு நீங்கள் ரயில் ஏறிவிடுவீர்கள், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறவர் உள்ளூர்ப் போதகர். சுற்றுலா விசாவில் வருகிறவர் பிரசங்கம் செய்யவே கூடாது, ஓசிஐ அட்டைக்காரர்கள் மிஷனரிப் பணிக்கு முன்கூட்டியே சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். ஞாயிறு ஆராதனையில் போய் உட்காருங்கள், பழைய ஆட்களோடு சாப்பிடுங்கள். அதற்கு எந்தத் தடையும் இல்லை.

"அங்கே எந்த நோயும் இல்லை" என்பதும் பேக்கேஜில் வருகிற பொய்தான். பாகூர், சாஹிப்கஞ்ச், தும்கா, கொட்டா நான்கும் காலா அசார் (மணல் ஈ கடித்துப் பரவும் காய்ச்சல் நோய்) இருந்துவரும் மாவட்டங்கள், மலேரியாவும் உண்டு. காலா அசாரைப் பரப்பும் மணல் ஈ கொசுவைவிடச் சிறியது, சாதாரண வலைக் கண்ணில் புகுந்துவிடும். மருந்து ஊறவைத்த, நெருக்கமான கண்ணுள்ள வலை கொண்டுபோங்கள். தரையில் படுக்காதீர்கள். திரும்பி வந்து சில மாதங்கள் கழித்துக்கூட, 2 வாரத்துக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் டாக்டரிடம் போன இடத்தின் பெயரைச் சொல்லுங்கள். தமிழ்நாட்டு டாக்டருக்குக் காலா அசார் முதலில் நினைவுக்கு வராது. அதைக் கண்டறிய ஆர்கே39 என்ற விரைவுப் பரிசோதனை இருக்கிறது.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள்: ஆளே காணாமல் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள், பணம் அடுத்த கணக்குக்கு நகருமுன் முடக்க வாய்ப்பு உண்டு. சேவைக் குறைபாடு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். புகாரைப் பாகூரில் போய்க் கொடுக்க வேண்டியதில்லை, 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, கால வரம்பு 2 வருடம். வாட்ஸ்அப் உரையாடலை வாய்ஸ் நோட்டுகளோடு இப்போதே எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள், பழைய போனையும் விற்காதீர்கள். மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். மாதிரிப் படிவம் அந்தச் சட்டத்தின் பின்னிணைப்பிலேயே இருக்கிறது.