ஸ்டியரிங்கில் கை எங்கே இருக்கணும்? 10–2, 9–3, 8–4: ஓர் அலசல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு 9–3-க்குத்தான். ஸ்டியரிங்கைக் கடிகாரமாக வைத்துக்கொண்டால், இடக்கை 9 மணியிலும் வலக்கை 3 மணியிலும் நிற்கிற பிடி இது. போட்டிக்கு இரண்டு பேர்: டிரைவிங் ஸ்கூலில் பலருக்கும் சொல்லித்தரப்பட்ட 10–2, தோள் வலிக்கிறதென்று கை தானாகவே இறங்கிவந்து நிற்கும் 8–4. ஒற்றைக் கையை 12 மணியில் போட்டுக்கொண்டு முழங்கையை ஜன்னலில் சாய்த்து ஓட்டுவதை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை.

10–2 தப்பான பாடம் இல்லை, பழைய பாடம். பவர் ஸ்டியரிங் இல்லாத அம்பாசடரையோ பழைய மாருதி 800-ஐயோ நின்ற இடத்தில் ஒடிக்கத் தோள் பலம் வேண்டும். கை உயரத்தில் இருந்தால் உடம்பு எடையையும் சேர்த்துக் கீழே இழுக்கலாம். அன்றைக்கு ஸ்டியரிங் நடுவில் இருந்தது ஹாரன் மட்டும். இன்றைக்கு அதே மூடிக்குப் பின்னால் ஏர்பேக் இருக்கிறது. 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கும் புதுக் கார் எல்லாவற்றுக்கும் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். மோதிய பிறகு பை விரிய ஏறக்குறைய 0.03 விநாடிதான் ஆகும். அந்த நேரத்தில் குறுக்கே முன்கை கிடந்தால், கை முகத்தை நோக்கி எறியப்படும். எலும்பு முறிவும் தோல் உரிவதும் அப்படி நடப்பவைதான். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. 10–2-ஐக் கைவிட்டு 9–3-ஐப் பரிந்துரைப்பதற்கும் இதுவே காரணம். ஏர்பேக் கதை பலருக்கும் தெரிந்ததுதான், அதோடு அது ஆயுளில் ஒரு தரம் நடக்கலாம், நடக்காமலும் போகலாம்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது வேறொன்று. நம் ஊர்க் கார்களில் ஸ்டியரிங் வலப்பக்கம், கியர் இடக்கையில். ஊருக்குள் ஓட்டும்போது இடக்கை நொடிக்கொரு தரம் கியருக்குப் போய்விடும். ஆக, இரண்டு கைக்கான பிடி என்று நாம் பேசிக்கொண்டிருந்தாலும், பாதி நேரம் வலக்கை ஒன்றுதான் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறது. அந்த ஒரு கை எந்த இடத்தில் நின்றால், விடாமல், மாற்றிப் பிடிக்காமல், இரு பக்கமும் போதுமான அளவு ஒடிக்க முடியும்? கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வலக்கை வசதியாகப் போகக்கூடிய எல்லை மேலே 12 மணி, கீழே 6 மணி. கை 3 மணியில் இருந்தால் வலப்பக்கம் ஒடிக்கக் கீழே 90 டிகிரி, இடப்பக்கம் ஒடிக்க மேலே 90 டிகிரி கிடைக்கும். 2 மணியில் இருந்தால் வலப்பக்கம் 120, இடப்பக்கம் வெறும் 60. 4 மணியில் இருந்தால் அப்படியே தலைகீழ்: இடப்பக்கம் 120, வலப்பக்கம் 60.

இந்த 60-க்கும் 90-க்கும் சாலையில் என்ன வித்தியாசம்? ஒரு ஹேட்ச்பேக்கை எடுத்துக்கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2.45 மீட்டர், ஸ்டியரிங் விகிதம் 15:1, அதாவது ஸ்டியரிங்கை 15 டிகிரி சுற்றினால் முன்சக்கரம் 1 டிகிரி திரும்பும். காய்ந்த ரோட்டில் டயர் தாங்கக்கூடிய அளவுக்கு வெட்டித் திருப்பினால், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கார் சுமார் 70 மீட்டர் ஆரமுள்ள வளைவில் போகும். அதற்கு ஸ்டியரிங்கில் 30 டிகிரி போதும். எந்தப் பிடியாக இருந்தாலும் சமாளிக்கும். 50 கி.மீ. வேகத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. அங்கே ஆரம் 28 மீட்டர் வரை சுருங்கலாம், ஸ்டியரிங்கில் ஏறக்குறைய 75 டிகிரி வேண்டும். தோராயக் கணக்குதான், டயர் வழுக்குவதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

நாய் குறுக்கே வருவதும், பைக் சந்திலிருந்து தலை நீட்டுவதும் பெரும்பாலும் இந்த 50-க்குக் கீழான வேகத்தில்தான். கியர் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே அலையும் வேகமும் இதுவே. இடப்பக்கச் சந்திலிருந்து பைக் வந்தால் வலப்பக்கம் வெட்டி, எதிர்வண்டிக்கு வழிவிட உடனே இடப்பக்கம் திருப்பியாக வேண்டும். ஒரே அசைவில் இரண்டு திசையும் தேவை. 2 மணிக் கை, திரும்பி வரும்போது 12-ஐத் தாண்டித் தடுமாறும்: முழங்கை தூக்கிக்கொள்ளும், மணிக்கட்டு மடங்கும், முன்கை சரியாக ஏர்பேக் மூடிமேல் படுக்கும். 4 மணிக் கை முதல் வெட்டிலேயே 6-ல் முட்டி நிற்கும். இரண்டு பக்கமும் 75-க்கு இடம் உள்ளது 3 மணிக்கு மட்டும்தான்.

இன்னொரு லாபமும் உண்டு. இன்றைய ஸ்டியரிங் பெரும்பாலானவற்றில் ஸ்போக் (வளையத்தை நடுப்பகுதியோடு இணைக்கும் கை) சரியாக 9-லும் 3-லும்தான் இருக்கிறது. பெருவிரலுக்கென்றே அங்கே சின்னக் குழிவும் வைத்திருப்பார்கள். வெட்டித் திருப்பிய பதற்றத்தில், சக்கரம் நேராக வந்துவிட்டதா என்று கண்ணால் தேட வேண்டாம், கையே சொல்லிவிடும். உரோமம் வைத்த தடித்த ஸ்டியரிங் கவரை மாட்டினால் இந்தத் தடயம் போய்விடுகிறது. சரியாக இறுகாத கவர் என்றால் கை திரும்பும், வளையம் திரும்பாது. அழகுக்காக இதை விலை கொடுத்து வாங்குகிறார்கள்!

ஆட்டோமேட்டிக் காரில் என் வாதம் வலுவிழக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இடக்கை எப்போதும் ஸ்டியரிங்கில் இருப்பதால் 2 மணிக் கைக்கு எட்டாததை 10 மணிக் கை இழுத்துக்கொடுக்கும். அங்கே 10–2-க்கு எதிராக மிஞ்சுவது ஏர்பேக்கும் தோள் சோர்வும்தான்.

ஹாரன் விஷயத்திலும் 9–3-க்கே சாதகம். பல கார்களில் ஸ்போக்கை ஒட்டிய ஓரத்தைப் பெருவிரலால் அழுத்தினாலே ஹாரன் அடிக்கும். உங்கள் காரில் எந்த இடம் வேலை செய்கிறது என்று நின்றபடியே ஒருமுறை பார்த்துவையுங்கள். 10–2-ல் கையை எடுத்து உள்ளங்கையால் நடுவில் அழுத்த வேண்டியிருக்கும். மோதப்போகும் கணத்தில் எல்லாரும் ஹாரனைத்தான் அழுத்துவோம், ஏர்பேக் மேல் கை இருக்கக் கூடாத கணமும் அதுதான்.

8–4-ஐ நான் அடியோடு ஒதுக்க மாட்டேன். ஏர்பேக் விரிந்தால் கை தானாக ஓரத்துக்குத் தள்ளப்படும், அந்த வகையில் 9–3-ஐவிடக்கூட நல்லது. தோள்பட்டை இறுகிப்போனவர்களுக்கு வேறு வழியும் இருக்காது. சென்னை–திருச்சி மாதிரி நேர்கோட்டுச் சாலையில், வண்டி கூட்டம் இல்லாத இடத்தில் கொஞ்ச நேரம் கையை இறக்கிக்கொள்ளலாம்; டோல்கேட்டோ ஊர் எல்லையோ தெரிந்தால் மேலே ஏற்றிவிட வேண்டும். அதன் குறை, கை பிடிப்பதைவிட்டுத் தொங்க ஆரம்பிப்பது. விரல் தளர்ந்திருக்கும்போது பள்ளத்தில் விழுந்தால் வளையம் நழுவும். அடிப்பக்கம் தட்டையான ஸ்டியரிங் என்றால் 8-ம் 4-ம் அந்த முனையை ஒட்டியே வரும், சுழற்றும்போது பிடி ஒழுங்காகக் கிடைக்காது.

90 டிகிரிக்கு மேல் தேவைப்படும் இடங்கள் உண்டு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் எந்தப் பிடியையும் அப்படியே வைத்துக்கொண்டு ஏற முடியாது. அங்கே இழுத்துத் தள்ளும் முறை. இடப்பக்கம் திரும்ப, இடக்கையை 12-க்கு அருகே கொண்டுபோய்ப் பிடித்து 6 வரை இழுங்கள். அதே நேரம் வலக்கை வளையத்தின் மேலேயே தளர்வாகக் கீழே நழுவி வரட்டும். கீழே வந்ததும் வலக்கை இறுகப் பிடித்து மேலே தள்ளும், இடக்கை தளர்ந்து மேலே போகும். எந்தக் கையும் 12-ஐயோ 6-ஐயோ தாண்டாது. கைமேல் கை மாற்றிச் சுழற்றுவது பார்க்கிங்கிலும் யூ டர்னிலும் தவறில்லை, ஊர்ந்து போகும் வேகத்தில் ஏர்பேக் விரியும் பயம் அநேகமாக இல்லை. வளையத்தின் உட்பக்கமாக, உள்ளங்கை நம்மைப் பார்க்கும்படி விட்டு இழுப்பதுதான் எந்த வேகத்திலும் ஆபத்து. சக்கரம் உதைத்தால் கையை வெளியே எடுக்கவே முடியாது. பெருவிரலும் ஸ்போக்கைச் சுற்றிக் கொக்கி போட வேண்டாம், வளையத்தின்மேல் படுத்திருந்தால் போதும்.

9–3-ல் தோள் வலிக்கிறது என்பவர்கள் முதலில் சீட்டைப் பார்க்க வேண்டும். முதுகு சீட்டில் ஒட்டியிருக்கக் கையை நீட்டினால் மணிக்கட்டு வளையத்தின் உச்சியில் படிய வேண்டும். விரல்தான் எட்டுகிறது என்றால் சீட் தள்ளிப்போயிருக்கிறது. முன்னால் இழுக்கும்போது மார்புக்கும் ஏர்பேக் மூடிக்கும் இடையே 25 செ.மீ. குறையக் கூடாது. ஸ்டியரிங்கை ஏற்றி இறக்கும் வசதி இருந்தால், மூடி முகத்தைப் பார்க்காமல் மார்பைப் பார்க்கும்படி இறக்குங்கள்.

சமதளமான நேர்ச்சாலையில் ஸ்போக் சாய்ந்தே நிற்கிறதென்றால், 9–3 பிடித்தாலும் கை சொல்லும் தடயம் பொய்யாகிவிடும். வீல் அலைன்மென்ட் கடையில் ஸ்டியரிங்கை முதலில் நேராக்கிப் பூட்டிவிட்டு, இரண்டு பக்க டை ராடிலும் (முன்சக்கரத்தைத் திருப்பும் கம்பி) சரிசெய்யச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கையே கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம். ஏர்பேக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் சுருள் நாடா அதன் அடியில்தான் இருக்கிறது. நடு தவறி மாட்டினால், முழுதாக ஒடிக்கும்போது அது அறுந்து, டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பிக்கும். ஹாரனும் போகலாம்.