மைல் கணக்கா, பில் கணக்கா? டிப்ஸுக்கு வரிச்சலுகை வந்த பிறகு

எச்-4 ஈஏடி, அதாவது எச்-1பி விசாக்காரரின் துணைக்குத் தரும் வேலை அனுமதி, கிடைத்ததிலிருந்து, நியூ ஜெர்சியின் எடிசன் பக்கம் மாலை வேளைகளில் சாப்பாடு டெலிவரிக்குப் போகிறேன். கம்பெனி வேலை இல்லை. ஆப் மூலம் வரும் சுயதொழில், வருடக் கடைசியில் வரவைக் காட்டும் 1099 படிவம். வரி போடுமுன் வருமானத்திலிருந்து கார் செலவைக் கழிக்க அமெரிக்க வரித்துறை இரண்டு வழி வைத்திருக்கிறது. ஒன்று மைல் கணக்கு: தொழிலுக்கு ஓட்டிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நிலையான தொகை. 2025-க்கு அது 70 சென்ட். மற்றொன்று பில் கணக்கு: பெட்ரோல், இன்சூரன்ஸ், ரிப்பேர், தேய்மானம் என்று உண்மையில் ஆன செலவைக் கூட்டி, அதில் தொழிலின் பங்கைக் கழிப்பது. நான் மைல் கணக்குக்காரி. இப்போதே சொல்லிவிடுகிறேன்.

2025-க்கு முன்பு இது சாதாரணக் கூட்டல் கழித்தல்தான். அந்த ஆண்டு ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் டிப்ஸுக்கு ஆண்டுக்கு 25,000 டாலர் வரை கழிவு தந்ததும் குழப்பம் ஆரம்பித்தது. 2025 முதல் 2028 வரைதான் இது. தம்பதி சேர்ந்து தாக்கல் செய்ய வேண்டும், சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும், கூட்டு வருமானம் 3 லட்சம் டாலரைத் தாண்டினால் குறையத் தொடங்கும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சுயதொழில்காரர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் கொக்கி உண்டு: அந்தத் தொழிலில் வந்த நிகர லாபத்துக்கு மேல் டிப்ஸைக் கழிக்க முடியாது.

ஓக் ட்ரீ சாலையில் ஒரு கடை வாசலில் பிரியாணி பார்சலுக்குக் காத்திருந்தபோது, கூட ஓட்டும் தம்பி ஒருவர் சொன்னார்: "அக்கா, மைலை ரொம்ப எழுதாதீங்க. லாபம் குறைஞ்சா டிப்ஸ் கழிவும் போயிடும். பில்லை வச்சு எழுதுங்க, செலவு கம்மியா வரும்." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன்.

உருட்டிச் சொன்னால் என் கணக்கு இது. ஆண்டு வரவு 14,000 டாலர். அதில் டிப்ஸ் 8,000. ஓட்டியது 11,000 மைல். மைல் கணக்கில் கழிவு 7,700, லாபம் 6,300. டிப்ஸ் 8,000 இருந்தும் கழிவு 6,300-ஐத் தாண்டாது. பில் கணக்கில் என் பழைய கொரோலாவுக்குத் தொழில் பங்குச் செலவு, தேய்மானம் உட்பட, சுமார் 4,000. லாபம் 10,000, டிப்ஸ் 8,000 முழுதாகக் கழியும். தம்பி சொன்னது இதுவரை சரி.

ஆனால் டிப்ஸ் கழிவு குறைப்பது வருமான வரியை மட்டும். 15.3 சதவீத சுயதொழில் வரி, டிப்ஸ் உட்பட்ட நிகர லாபத்தில் 92.35 சதவீதத்தின் மேல் விழுகிறது. அதை இந்தச் சலுகை தொடுவதே இல்லை. மைல் கழிவு லாபத்தையே குறைப்பதால் இரண்டு வரியும் இறங்கும். லாபம் 6,300 என்றால் சுயதொழில் வரி சுமார் 890 டாலர்; 10,000 என்றால் 1,413. அங்கேயே 520 டாலர் வித்தியாசம். வருமான வரியைப் பாருங்கள். மைல் வழியில் டெலிவரி லாபம் முழுவதும் டிப்ஸ் கழிவில் போய்விடுகிறது, மிச்சம் பூஜ்யம். பில் வழியில் 2,000 டாலர் மிஞ்சி நிற்கிறது. 22 சதவீத அடுக்கில் இருக்கும் எங்களுக்கு, மற்றச் சிறு கழிவுகள் போக, இன்னும் இருநூறு டாலருக்குக் குறையாமல் வரி. ஆக, டிப்ஸ் கழிவில் 1,700 டாலரை 'இழந்த' வழிதான் எழுநூறு டாலருக்கு மேல் மிச்சம் பிடித்துத் தந்தது. நியூ ஜெர்சி மாநில வரியிலும் இதே கதை: மத்திய அரசின் டிப்ஸ் சலுகை அங்கே செல்லாது, லாபம் குறைந்தால் மட்டும் குறையும்.

பில் கணக்குக்கும் இடம் உண்டு. விலை உயர்ந்த புதுக் கார், குறைந்த மைல், பெரிய ரிப்பேர் என்றால் அது ஜெயிக்கலாம். மின்சாரக் காரோ லீஸ் காரோ நான் ஓட்டியதில்லை, அதனால் அந்தக் கணக்கை அனுபவத்திலிருந்து சொல்ல மாட்டேன். லீஸில் மைல் வழியைப் பிடித்தால் அந்த லீஸ் முடியும்வரை அதிலேயே இருக்க வேண்டும் என்பது மட்டும் விதி. டோலும் பார்க்கிங்கும் இரண்டு வழியிலும் தனியாகக் கழியும், அதில் சண்டையில்லை.

பராமரிப்பு வேலையும் மைல் வழியில்தான் குறைவு. இங்கே பெட்ரோலை நாமே போடக் கூடாது, பங்கில் ஆள்தான் போடுவார். ரசீதை வாய்விட்டுக் கேட்டால்தான் வரும். மழையில் பின்னால் நாலு கார் ஹாரன் அடிக்கும்போது கேட்கத் தோன்றாது. மைலுக்கு ஒரு குயர் நோட்டு போதும்: தேதி, எங்கே, எதற்கு, எத்தனை மைல். ஆப் காட்டும் மைலை மட்டும் நம்பாதீர்கள். என்னுடையது பார்சலை எடுத்த இடத்திலிருந்துதான் எண்ணுகிறது. ஆர்டரை ஏற்றுக்கொண்டு கடைக்குப் போகும் தூரம் அதில் இல்லை. ஒரு வாரம் ஒப்பிட்டபோது, நோட்டில் 230, ஆப்பில் 150 சொச்சம். அதே நோட்டின் வலது ஓரத்தில் டிப்ஸையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு வந்த 1099-இல் டிப்ஸ் தனியாகப் பிரிக்கப்படவில்லை. 2025-க்கு நம் சொந்தப் பதிவையே வரித்துறை ஏற்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று. சொந்தக் காரைத் தொழிலில் இறக்கும் முதல் ஆண்டிலேயே மைல் வழியைப் பிடித்துவிடுங்கள். அடுத்த ஆண்டு இன்ஜின் படுத்து பெரிய செலவு வந்தால் பில்லுக்கு மாறலாம். முதல் ஆண்டே பில் என்று போனால் அந்தக் காருக்கு மைல் கதவு மூடிவிடும். 2026-க்கு மைலுக்கு 72.5 சென்ட். ஜனவரி முதல் தேதி காலை ஓடோமீட்டரைப் போட்டோ எடுத்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினேன்.