மாமியார் சண்டையா, சொத்துச் சண்டையா?

தாய்லாந்துக் குடும்ப நாடகத்தில் எதை முதலில் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. இரண்டிலும் சீன வம்சாவளிக் குடும்பங்கள்தான்.

2019-ல் வந்த 'க்ரோங் கம்' என்றால் வினைக்கூண்டு. கதை 1960-களில், சும்சேங் என்ற சிற்றூரில் நடக்கிறது. அமெரிக்க விமானத்தளம் இருந்த தாக்லியில் பாலியல் தொழில் செய்த ரேணு, மூத்த மருமகளாக வந்து நிற்கிறாள். மாமியார் யோய்க்கு ரத்தம் கொதிக்கிறது. அவர் வாயைத் திறப்பதற்குள் கேமரா இருவர் முகத்தையும் மாறி மாறிக் காட்டும். நமக்குப் பாதி டீ தீர்ந்துவிடும். எனக்கு அந்த நிதானம்தான் ருசி. மாமியார் வெறும் வில்லியும் இல்லை.

2018-ன் 'லுவத் கோன் கோன் ஜாங்' 18 பகுதிகள்தான். குடும்ப ஹோட்டலில் மகன்களுக்கும் மூத்த பேரனுக்கும் பங்கு உண்டு, அதற்காக உழைத்த மகளுக்கு இல்லை. அப்புறம் ஒரு கொலை. விறுவிறுப்பு வேண்டுமென்றால் சரி, இதையே பாருங்கள். மாமியார்-மருமகள் முறைப்பு அலுக்காதவர்கள் சும்சேங்குக்குப் போகலாம்.