ஐந்து கொலு கண்ட குட்டித் தரை

விஜயதசமி முடிந்து கொலுவைப் பரணில் ஏற்றும்போதுதான் எது தாங்கும், எது தாங்காது என்று தெரியும். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கொலுவுக்காக நான் செய்த குட்டி ஓட்டு வீடும் அதை ஒட்டிய காபிக்கடையும் இதோடு ஐந்து நவராத்திரி பார்த்துவிட்டன. கூடத்தில் 238 கல் பதித்த ஆத்தங்குடித் தரை, முற்றத்தில் தட்டோடு என்கிற தட்டையான மண் ஓடு, கடைச் சுவரில் வெள்ளை டைல்ஸ். உதிர்ந்தது இதுவரை நாலே கல்.

இப்படிச் சொன்னால் ஏதோ கை தேர்ந்தவன் போலத் தோன்றும். முதல் முயற்சி தெர்மோகோல் பலகை மேல். மரம், ரெக்சின் ஒட்டும் மஞ்சள் ரப்பர் பசையைத் தாராளமாகத் தடவினேன். ஐந்து நிமிஷத்தில் நடுக்கூடம் குழிந்துபோனது. அந்தப் பசையில் இருக்கும் கரைப்பான் தெர்மோகோலை அப்படியே தின்றுவிடும். அடுத்து, காற்றில் காயும் களிமண். வெட்டும்போது அழகாகத்தான் இருந்தது. காய்ந்தபோது சுருங்கி, நாலு ஓரமும் தூக்கி, சுட்ட அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. பிறகு இங்க்ஜெட்டில் டிசைனை அச்சடித்து ஒட்டினேன். தண்ணீரில் கரைக்கும் வார்னிஷ் மேலே பட்டதும் சிவப்பு வெள்ளைக்குள் இறங்கியது.

கடைசியில் கைகொடுத்தது 3 மில்லிமீட்டர் சன்போர்டு, அதாவது பிவிசி நுரைப் பலகை. ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைகளில் ஓரத்தில் கழித்துப் போட்ட துண்டுகளே நமக்குப் போதும். பிவிசி என்பதால் ஈரம் குடிக்காது. ஐப்பசி அடைமழையில் அப்பளமே நமுத்துப்போகும் ஊரில் அட்டையை நம்புவது வீண். ஒரே குறை, அதன் வழவழப்பு. 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்காவிட்டால் பெயின்ட் நகத்தோடு உரிந்து வரும். அடிப்பலகையும் சன்போர்டுதான், அங்கே அதே ரப்பர் பசை சமர்த்தாக ஒட்டியது.

அளவுக்கு வருகிறேன். எங்கள் கொலுப் பொம்மைகள் ஐந்தரை அங்குலம், அதாவது ஆளில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆத்தங்குடிக் கல் செட்டிநாட்டுச் சமாச்சாரம். எங்கள் பக்கம் பழைய வீடுகளில் காவித் தரைதான் அதிகம். ஆனாலும் தாத்தா வீட்டுக் கூடத்தில் அது இருந்தது. ஸ்கேல் வைத்து அளந்தேன், 8 அங்குலம். பன்னிரண்டால் வகுத்தால் 17 மில்லிமீட்டர். 17 வரிசை, வரிசைக்கு 14 கல். ஓரத்தில் சுற்றி வரும் 58 கல்லுக்கு மட்டும் பூ. அழிரப்பரில் செதுக்கிய அச்சால் குத்தியது. உள்ளே சிவப்பும் சந்தனமும் மாற்றி மாற்றி. ஒரே சிவப்பாகப் பூசாமல் மூன்று கிண்ணத்தில் மூன்று விதமாகக் கலந்துகொண்டேன். நிஜக் கல்லிலும் ஒரு கல் போல இன்னொன்று இருக்காது. கண்ணாடித் தட்டின் மேல் கையால் சாயக் கலவை ஊற்றிச் செய்வதுதானே.

என்னை ரொம்ப நாள் ஏமாற்றியது சந்து. முதலில் கல்லுக்குக் கல் தீக்குச்சி வைத்துச் சமமாக ஒட்டினேன். நேர்கோடு பிசகவில்லை, ஆனாலும் பார்க்கிறவர்கள் எல்லோரும் ‘செஸ் போர்டா?’ என்றார்கள். தீக்குச்சி 2 மில்லிமீட்டர் தடிமன். நிஜ வீட்டில் அது கிட்டத்தட்ட ஒரு அங்குலச் சந்து, பூரான் குடித்தனம் நடத்தலாம்! மொத்தத்தையும் பிரித்துக் கல்லோடு கல் முட்டவைத்து ஒட்டினேன். முற்றத்துத் தட்டோட்டுக்கு மட்டும் நடுவில் விசிட்டிங் கார்டு. சுவர்ப் புட்டியில் துளி காவி கலந்து தேய்த்து, நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் குறுக்காகத் துடைத்தேன். ஸ்பாஞ்சில் தண்ணீர் இருந்தால் சந்திலிருக்கும் புட்டியும் கூடவே வந்துவிடும்.

காபிக்கடைச் சுவருக்கு நாலு அங்குல வெள்ளை டைல்ஸ், எனக்கு எட்டரை மில்லிமீட்டர். பளபளப்புக்குத் தங்கையின் நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு கோட். முதல் வருஷம் பீங்கானேதான். மூன்றாம் கொலுவுக்கு எடுத்தபோது சுவர் முழுக்கப் பழுத்திருந்தது. வருத்தப்பட்டுப் புதிதாகச் செய்யக் கிளம்பினேன், அப்புறம் பாய்லரையும் டவரா செட்டையும் முன்னால் வைத்துப் பார்த்தால் இருபது வருஷம் பால் ஆவி பட்ட சுவர் மாதிரியே இருந்தது. தொடவில்லை. வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்பவர்கள் அக்ரிலிக் வார்னிஷ் போடுங்கள்.

மொட்டை மாடிக்கு உடைந்த டைல்ஸ் ஒட்ட முட்டை ஓடுதான் சரியான சரக்கு. ‘கொலுப் படியில் முட்டை ஓடா?’ என்று அத்தை கேட்ட கேள்வியோடு அந்தத் திட்டம் முடிந்தது.

பரணில் வைப்பது பற்றி ஒன்று. செய்தித்தாளில் சுற்றாதீர்கள். அக்ரிலிக் பெயின்ட் ஈரக்காற்றில் இளகி ஒட்டிக்கொள்ளும்; ஒரு வருஷம் என் கூடத்தில் வரி விளம்பரம் இடம் வலம் மாறி அச்சாகியிருந்தது. இப்போது பழைய வேட்டித் துணிதான்.

போன கொலுவுக்கு, எங்கள் வீட்டுத் தளம் போட்ட கொத்தனார் சுண்டல் வாங்க வந்தார். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். கூடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முற்றத்தைக் காட்டி, “தம்பி, வாட்டம் விடலையே, தண்ணி எப்படிப் போகும்?” என்றார்.

பன்னிரண்டு சென்டிமீட்டர் முற்றத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் இறக்கம் போதும். தட்டோட்டைப் பெயர்க்க ஆரம்பித்திருக்கிறேன். இரண்டு உடைந்துவிட்டது.